பாலத்துக்காகச் சொன்ன கதை

கூட்டத்தில் பேசுகிற எண்ணமே அவனுக்கு இல்லை. படங்களுக்குச் சட்டம் போடும் தன் கடையைக் கொஞ்சம் முன்னதாகப் பூட்டிவிட்டுப் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம், கடைசியில் கொடுக்கும் தேநீரைக் குடித்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் கிளம்பினான். ஆற்றின் மேலிருந்த பழைய கல்பாலத்தில் விரிசல் விழுந்து, இரண்டு முனையிலும் தடுப்பு வைத்துவிட்டார்கள். பழுதுபார்க்கும் செலவில் பாதியை ஊர்க்காரர்கள் திரட்டினால் மீதியை நகராட்சி போடும், இல்லாவிட்டால் இடித்துவிடும். அதற்காகத்தான் பள்ளிக்கூட மண்டபத்தில் கூட்டம்.

பணம் திரட்டும் குழுவின் தலைவர் மருந்துக்கடைக்காரர். நல்ல மனிதர். ஆனால் அவர் பேச்சு டாக்டர் எழுதுகிற சீட்டு மாதிரி, யாருக்கும் புரியாது. பாலத்தின் வயது, வளைவின் அகலம், சுண்ணாம்புக் கலவையின் பக்குவம் என்று அவர் இழுக்க இழுக்க, ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். மேடைக்கு முன்னாலிருந்த உண்டியலைச் சீண்ட ஆளில்லை.

"நீங்க நாலு வார்த்தை பேசுங்களேன். உங்களுக்குத்தான் பேச்சு நல்லா வருமே," என்று தலைவர் அவன் கையில் மைக்கைத் திணித்தார்.

வந்தது. அதுதான் வினை.

"இது வெறும் கல்லு இல்லீங்க," என்று ஆரம்பித்தான். வாசல்வரை போனவர்கள் நின்று திரும்பினார்கள். அது அவன் தலைக்கேறியது. "எங்கப்பா எங்கம்மாகிட்ட முதன்முதலா மனசைத் திறந்து பேசினது இந்தப் பாலத்துலதான். அவர் கண்ணை மூடுற வரைக்கும் வருஷம் தவறாம அதே நாள்ல அம்மாவைக் கூட்டிக்கிட்டு நடுப்பாலத்துல போய் நிப்பாரு."

அப்படி எதுவும் நடக்கவில்லை. அப்பா கண்ணை மூடியதாகவும் தகவல் இல்லை. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே வேறொருத்தியோடு போய்விட்டவர் அவர். வேலைக்குப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்துவிட்டார் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லி வைத்திருந்தாள். உண்மை அந்த வீட்டைத் தாண்டியதில்லை.

மண்டபத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. கணவனை இழந்த தையல் கடை அக்கா எழுந்து வந்து, தன் மோதிரத்தைக் கழற்றி உண்டியலில் போட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை கட்டி நின்றார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். சுவரொட்டிக்கு ஒரு கல்யாணப் படம் கிடைக்குமா என்று தலைவர் கேட்டார். அவன் அம்மாவின் பீரோவிலிருந்து எடுத்து, கறையெல்லாம் துடைத்து, பெரிதாக்கிக் கொடுத்தான்.

அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதிர்ந்து பேசமாட்டாள். சுவரொட்டி ஒட்டிய அன்றைக்குச் சந்தையிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றாள்.

"அந்தப் படத்தை யாரைக் கேட்டுடா எடுத்த?"

"நல்ல காரியத்துக்குத்தானேம்மா..."

"சந்தையில ஒருத்தி என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழறா. எப்பேர்ப்பட்ட மனுஷன்ங்கறா. நானும் ஆமா ஆமான்னு தலையாட்டிட்டு வரேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "உங்கப்பா அந்தப் பாலத்துல என்கிட்ட பேசினது ஒரே தடவைதான். பெட்டியைத் தூக்கிக்கிட்டு அவர் போறாரு. உன்னை இடுப்புல வச்சுக்கிட்டு நான் பின்னாலயே ஓடறேன். நடுவுல திரும்பி நின்னு, மழை வர்ற மாதிரி இருக்கு, குழந்தையைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போன்னாரு. அவ்வளவுதான்."

பாலத்தில் நடந்தால் பத்து எட்டில் வந்துவிடும் இடத்துக்கும் அம்மா பஸ் பிடித்துச் சுற்றிக்கொண்டு போவாள். முழங்கால் வலி என்றே இத்தனை காலம் நினைத்திருந்தான்.

மறுநாள் காலையில் மருந்துக்கடைக்கு ஓடினான். விஷயத்தைக் கேட்டதும் தலைவர் கடைப் பையனைத் தேநீர் வாங்க அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"இப்பப் போய் இதைச் சொன்னா, பணம் போட்டவங்க என் தோலை உரிச்சுடுவாங்க. பாலம் நிக்கணுமா வேண்டாமா? வாயை மூடிக்கிட்டு இருங்க."

இருந்து பார்த்தான். தெருவில் யாராவது கையெடுத்துக் கும்பிட்டால் உடம்பு கூசியது. சுவரொட்டி இல்லாத சந்தாகத் தேடிப் பிடித்துக் கடைக்குப் போனான். சேர வேண்டிய பணம் சேர்ந்துவிட்டது என்று அறிவிக்கக் கூட்டம் போட்டபோது, தலைவர் மறுபடியும் மைக்கை நீட்டி, "அம்மா வரலியா? அவங்க சார்பா நீங்க பேசுங்க," என்றார். அவனால் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அப்பா போனது, காய்ச்சல், பெட்டி, மழை, ஒன்று விடாமல். யாரும் கத்தவில்லை. நாற்காலிகள் நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

வீட்டுக்குப் போகும்போது நெஞ்சிலிருந்து பாறாங்கல்லை இறக்கினாற்போல இருந்தது. அம்மா கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்ம்மா. எல்லாத்தையும் சொல்லிட்டேன்."

அம்மாவின் கை நின்றது. "எல்லாத்தையும்னா?"

"அப்பா விட்டுட்டுப் போனது, காய்ச்சல்ல செத்தாருன்னது பொய்ங்கறது..."

"காய்ச்சல் நான் சொன்னதுடா. அது என்னோடது." குரல் உயரவில்லை. "பொய் சொன்னப்பவும் என்னைக் கேக்கல. உண்மையைச் சொன்னப்பவும் என்னைக் கேக்கல."

மடித்த துணிகளை அப்படியே விட்டுவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சமையலறை வாசலில் நின்றிருந்த அவன் மனைவி, "உங்களுக்கு மனசு லேசாயிடுச்சு," என்று மட்டும் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவனுக்கு.

பணத்தைத் திருப்பிக் கேட்டு யாரும் வரவில்லை. ஆனால் அம்மாவைப் பார்க்க வந்தார்கள். இரக்கத்தைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்தவர்கள் போல ஓரமாக உட்கார்ந்து, "எப்படித்தான் தாங்கினீங்களோ" என்றார்கள். அம்மா சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டாள்.

அவன் தையல் கடைக்குப் போனான். மோதிரத்தைக் குழுவிடமிருந்து வாங்கித் தருவதாகச் சொன்னான். அக்கா தையல் மெஷினை நிறுத்தவில்லை.

"மோதிரம் பாலத்துக்குப் போட்டேன், உனக்கில்ல. ஆனா அன்னைக்கு வீட்டுக்குப் போய் எங்க வீட்டுக்காரரை நினைச்சு அப்படி அழுதேன். அதை யாருகிட்டப்பா திருப்பிக் கேக்கறது?"



பாலத்தைத் திறந்த அன்று அவனை யாரும் கூப்பிடவில்லை. அம்மா நல்ல உடுப்பு உடுத்தித் தலையை அழுத்தி வாரிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். தையல் கடை அக்கா தெருவில் காத்திருந்தாள். அவர்கள் எப்போது சிநேகமானார்கள் என்பது அவனுக்குத் தெரியாது.

"நானும் கூட வரட்டுமாம்மா?"

"வேணாம்."

கடைக்குப் போய், யாரோ கொடுத்திருந்த பள்ளிக்கூடக் குழுப்படத்துக்குச் சட்டம் அறுத்தான். அளவு தப்பியது. மறுபடி அறுத்தான்.

சாயங்காலம் அம்மா நேரே கடைக்கு வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து காலை நீவிக்கொண்டாள்.

"அந்தக் கரை வரைக்கும் போயிட்டு வந்தோம். எல்லாரும் என்னையே பாத்தாங்க. பாத்துட்டுப் போகட்டும்." செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "புதுக்கல்லு வச்ச இடமெல்லாம் பொய்ப்பல்லு மாதிரி வெள்ளையா இளிக்குது," என்றாள்.

பழக்கத்தில் அவன் சிரித்துவிட்டான். அம்மா சிரிக்கவில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்டாள். அவன் தலையை ஆட்டினான். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்க முடியாமல், ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த கண்ணாடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தான்.