துண்டுக்கு அடியில்

கொச்சி மட்டாஞ்சேரி பஜாரில் வாயால் விலை பேசுகிறவன் ஒன்று ஊருக்குப் புதியவன், இல்லையென்றால் வாங்கும் எண்ணமே இல்லாதவன். மிளகோ சுக்கோ, இரண்டு பேர் கை கோப்பார்கள், மேலே ஒரு துண்டு விழும். உள்ளே விரலைப் பிடித்தால் அது கணக்கு. கையை உதறினால் விலை கட்டவில்லை. கையை எடுத்துத் தன் நெஞ்சில் வைத்துவிட்டாலோ பேச்சு முடிந்தது. அதற்கப்புறம் பெற்ற அப்பன் வந்து அழுதாலும் மாறாது.

பினாங்கிலிருந்து பி.காம். படிக்க வந்திருந்த சிகாபுதீனுக்கு இது தெரியாது. பரீத் ராவுத்தரின் மிளகுக் கிட்டங்கி மாடியில்தான் அவன் குடியிருந்தான். தினமும் ஜன்னலில் நின்று பல் தேய்த்தபடியே கீழே துண்டுகளைப் பார்ப்பான். இந்த ஊர் ஆண்களுக்கு ஒருவர்மேல் ஒருவருக்கு என்ன பிரியம் என்று நினைத்துக்கொள்வான்.

ராவுத்தர் அவனுடைய வாப்பாவின் பழைய சிநேகிதர். அந்த உறவில்தான் மாடி கிடைத்தது. மற்றபடி அந்த வாழ்க்கையில் மெச்சிக்கொள்ள ஒன்றுமில்லை. மிளகுத் தூசியில் தும்மிக்கொண்டே படித்தான். ஆடியில் துவைத்த சட்டை ஆவணியில் காய்ந்தது. பேசுவது தமிழ், எழுதப் படிக்க வருவது மலாயும் இங்கிலீஷும். பஸ் பலகையில் இருக்கும் மலையாளம் அவனுக்கு ஜிலேபி. இறங்க வேண்டிய இடத்தில் இறங்கிய நாட்களை எண்ணிவிடலாம்.

பினாங்கு வழக்கத்தில் ஒன்றை மட்டும் அவன் விடவில்லை. பெரியவர் யாரைக் கண்டாலும் கையை இரு கையாலும் பூப்போலப் பிடித்து, தன் கையை நெஞ்சில் வைப்பான். ராவுத்தருக்கு, சாயாக்கடைச் சேட்டனுக்கு, படகுத்துறை டிக்கெட்காரருக்கு, எல்லோருக்கும் சலாம்.

"கறண்டு கம்பம் கை நீட்டுனா அதுக்கும் வெப்பாரு வாப்பா" என்று ராவுத்தரின் மகள் சகீலா சிரிப்பாள். ராவுத்தரும் சிரிப்பார்.

கடைசி வருஷம். கார்த்திகை பிறந்ததும் மலையிலிருந்து மிளகு இறங்கத் தொடங்கியது. கீழே நிறைந்த மூட்டை படியேறி, அவன் கதவை இடித்துக்கொண்டு நின்றது. பரீட்சையோ மார்ச்சில். ஒருநாள் காலையில் சிகாபுதீன் தைரியத்தைத் திரட்டிக்கொண்டு கீழே இறங்கினான். ராவுத்தரோடு தரகர் சங்கரலிங்கம் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார்.

"மாமா, பரீட்சை முடியற வரைக்கும் மேலயே இருந்துக்கறேன் மாமா. வேற எடம் கெடைக்காது லா."

சிநேகிதன் மகனைப் பார்த்து வெளியே போ என்று சொல்ல ராவுத்தருக்கு வாய் வருமா? வராது. அதற்குத்தானே துண்டு. "இங்க வா மோனே" என்று பக்கத்தில் உட்கார வைத்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து இரண்டு கைகளுக்கும் மேலே போட்டார். உள்ளே அவனுடைய ஒரு விரலை மட்டும் பிடித்து அழுத்தினார்.

இத்தனை நாளும் தூரத்திலிருந்து பார்த்த பிரியம் கடைசியில் தனக்கும் வாய்த்ததே என்று சிகாபுதீன் பூரித்துப்போனான். அந்தக் கையை இரு கையாலும் பிடித்தான். பிறகு தன் கையை நெஞ்சில் வைத்தான்.

"ஆச்சு!" என்று தொடையைத் தட்டினார் அண்ணாச்சி. ராவுத்தர் அவருக்கு ஒரு விரலைக் காட்டினார்.

"என்ன ஆச்சு அண்ணாச்சி?"

"ஒரு விரல்னா ஒரு மாசம். அதுக்குள்ள மாடிய ஒழிச்சுத் தாரேன்னு ஒத்துக்கிட்டீருல்லா தம்பி. நான் சாட்சி."

சிகாபுதீன் சிரித்தான். மற்ற இருவரும் சிரிக்கவில்லை. அவனும் நிறுத்திக்கொண்டான்.

அன்று மத்தியானம் ராவுத்தரின் மனைவி பீவி சோறு வைக்கும்போது கேட்டாள்: "அவன் எல்லாருக்கும் அப்படித்தானே சலாம் வெப்பான். ஒங்களுக்குத் தெரியாதா?"

ராவுத்தர் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார். "தெரியும். இல்லேன்னு வாயத் தொறந்து சொல்லவா சொல்றே? பாவம், சின்னப் பய." முள் வந்துவிட்டது. சாப்பிட்டார்.

அப்புறம் சிகாபுதீன் வீடு தேடினான். சுள்ளிக்கல்லில் ராமபத்ரன் என்ற ரிடையர்டு குமாஸ்தா, அவன் வாயைத் திறந்ததுமே, "பாண்டியாணோ? பாண்டிக்கு வீடு கொடுக்கில்லா, கேட்டோ" என்றார். தமிழன் இல்லை, மலேசியாக்காரன் என்று பாஸ்போர்ட்டைக் காட்டினான். "ஓ, ஃபாரின்!" என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டு ஒரு வாடகை சொன்னார். அதற்கு அந்த வீட்டையே விலைக்கு வாங்கலாம். போர்ட் கொச்சி லாட்ஜில், வெளிநாட்டுக்காரன் என்றால் கஞ்சா கேட்பான், போலீஸ் வரும் என்றார்கள். வைப்பினில் ஒரு மீன்காரர் வீட்டுத் திண்ணையைக் காட்டினார். ராத்திரி அலை ஏறினால் எழுந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான் என்றார். வாடகை கேட்கும்போது வெளிநாட்டான், வீடு கொடுக்கும்போது பாண்டி. இரண்டும் இல்லாத இடம் அந்த ஊரில் ஒன்றுகூட இல்லை.

அதற்குள் ஊரில் தங்கும் அனுமதியைப் புதுப்பிக்க வேண்டிய நாள் வந்துவிட்டது. விலாசம் இல்லாமல் புதுப்பிக்க முடியாது என்று ஆபீஸில் கண்டிப்பாகச் சொன்னார்கள். அவன் மறுபடி ராவுத்தரிடம் வந்து நின்றான். மாசம் முடிந்து மாடியை ஒழித்துக் கொடுத்ததிலிருந்து கூட்டாளி ஒருவனின் ஹாஸ்டல் கட்டிலடியில் திருட்டுத்தனமாகப் படுத்து, அவனுடைய சட்டை கசங்கியிருந்தது.

"மாமா, எடம் வேணாம். நான் இங்கதான் இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க. விலாசம் போதும்."

"விலாசம்னா விசாரிக்க போலீஸ் வருவான் மோனே. மொளகு சீசன்ல கிட்டங்கிக்குள்ள போலீஸா? மேல எவ்வளவு இருக்கு, கீழ எவ்வளவு இருக்குன்னு பாப்பான். சாயா குடி."

சாயா வந்தது. குடித்தான். கெஞ்சினால் ஏதாவது நடக்குமா என்று ஒரு நிமிஷம் யோசித்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி வேண்டாமென்று தலையை ஆட்டினார், அன்போடுதான்.

"முடிஞ்ச பேச்சு தம்பி. ராவுத்தர் இப்ப மாத்துனா நாளைக்கு ஒருத்தன் இவர் கையப் பிடிப்பானா?"

அனுமதி கிடைக்காமல், ஜனவரியில் சிகாபுதீன் எறணாகுளத்துக்குப் படகேறினான். அங்கிருந்து மதராஸுக்கு ரயில், மதராஸிலிருந்து கப்பல். பெட்டி தூக்கிக்கொண்டு துறைவரை ராவுத்தரே வந்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. வாப்பாவுக்கு என்று முதல்தரமான சுக்கு ஒரு பொட்டலம் கொடுத்தார். அடுத்த வருஷம் வந்து எழுதிக்கலாம் மோனே, காலேஜ் எங்கே ஓடிப்போகிறது என்றார்.

அடுத்த வருஷம் இல்லை என்று சிகாபுதீனுக்குத் தெரியும். அவனுக்குப் பின்னால் இரண்டு தம்பிகள். ஒரு பையனைத்தான் கடல் தாண்டி அனுப்ப முடியும், அனுப்பியாகிவிட்டது. வீட்டில் என்ன சொல்வது என்று படகில் உட்கார்ந்து யோசித்தான். நடந்ததை நடந்தபடி சொல்லலாம். வாப்பாவும் கடை வைத்திருப்பவர். பரீத்தை ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டார். தெரியாத கையை ஏன் பிடித்தாய் என்றுதான் கேட்பார்.

போய் இறங்கிய மறுநாளே கடை ஸ்டூலில் ஏற்றி உட்கார வைத்து, பருப்பு நிறுக்கச் சொல்வார். படகு நடுக்காயலுக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. சிகாபுதீன் பெட்டியை நிழலுக்கு இழுத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டான்.