ஆறு பாகத்துக் காற்று

"ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும், விட்ராதீங்க" என்றாள் ஜெப்ஸி.

இனிகோ ஊதினான். மூக்கில் கிளிப் இருந்தது. வாயில் அட்டைக்குழாய். திரையில் ஒரு கோடு சோம்பலாக மேலேறி, அப்படியே படுத்தது.

ஜெப்ஸி பெருமூச்சு விட்டாள். நெஞ்சு ஆஸ்பத்திரியில் மூச்சுப் பரிசோதனை செய்பவள் அவள். வெளியே இன்னும் கூட்டம் இருந்தது. ஹார்பரில் வெல்டிங் செய்கிறவர் ஒருவர் இருமிக்கொண்டிருந்தார். விறகுப் புகையில் காலம் தள்ளிய அம்மாள் ஒருத்தி. இன்ஹேலரைச் சட்டைப்பையில் வைத்திருந்த கல்லூரிப் பெண்.

"அண்ணாச்சி, மெதுவா விடக் கூடாது. நெஞ்சு நெறைய இழுத்துட்டு, ஒரே அடியில வெளிய தள்ளணும்."

"தள்ளுனேனே சிஸ்டர்."

"எங்க தள்ளுனீங்க? பந்தியில கடைசி வரிசைக்குப் பாயாசம் ஊத்துற மாதிரில்லா விடுதீங்க."

கதவோரம் நாற்காலியில் இருந்த அனுஜா சிரித்தாள். இனிகோவின் மனைவி. சிரித்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இந்த அறையில் என்ன முடிவாகப் போகிறது என்பது அவளுக்குத் தெரியும்.

இனிகோ திரேஸ்புரத்தில் சங்கு குளிக்கிறவன். மூன்று மாதம் முன்பு, கடலுக்கு அடியிலிருந்து மேலே வந்து படகைப் பிடித்தபோது வலது மார்பில் கத்தி இறங்கியது போல் வலித்தது. மூச்சு உள்ளே போகவில்லை. வலது நுரையீரல் சுருங்கிவிட்டது என்றார்கள். விலாவுக்கு இடையில் குழாய் வைத்து, வெளியே கசிந்திருந்த காற்றை எடுத்தார்கள். ஆறிவிட்டது. பீடியால் வந்தது என்று வீட்டில் எல்லாரும் சொன்னார்கள். அவனும் அப்படித்தான் நினைத்தான். பீடியை விட்டான். இப்போது அவன் இடத்தில் அனுஜாவின் தம்பி ஜெஸ்டின் முங்குகிறான். படகுக்காரர் இன்பமணி ஒன்றுதான் சொல்லியிருந்தார்: டாக்டர் சரி என்று சொன்னால் நீ வா, இல்லையென்றால் அவனே இருக்கட்டும்.

இனிகோவுக்குக் கடலுக்குத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் ஊதினான். மறுபடியும் ஊதினான். கோடு மறுபடியும் படுத்தது.

டாக்டர் சங்கரபாண்டியன் அந்தக் கோட்டைப் பார்த்தார். பிறகு இனிகோவின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து இடம் மாற்றி மாற்றிக் கேட்டார்.

"பேப்பர் உமக்கு ஆஸ்துமாங்குது. இல்லன்னா பீடி குடிச்சுக் குழாய் சுருங்கிப் போச்சுங்குது. நெஞ்சுல ஒரு விசில் சத்தம்கூட இல்லையே."

"நான் நல்லாத்தான் இருக்கேன் டாக்டர்."

"இழுத்து, விடும். நான் பாக்கேன்."

இனிகோ இழுத்தான். நெஞ்சு விரிந்தது. விடும்போது உதடுகள் நெருங்கின. தொண்டை இறுகியது. காற்று நூல் போல் வந்தது.

"ஏன் வாய மூடுதீரு?"

"மூடலையே."

"மூடுதாக டாக்டர்" என்றாள் அனுஜா.

இனிகோ உதட்டைத் தொட்டுப் பார்த்தான். "அது தானா வாறது" என்றான். "தல தண்ணிக்கு வெளிய வாறவரைக்கும் மூச்ச விடக் கூடாது. எங்க அப்பா சொன்னது. எங்க ஆளுக எல்லாரும் சொல்லுறதுதான். விட்டவன் செத்தான்."

"நான் ஏரல்காரன்" என்றார் டாக்டர். "ஆத்துல முங்கி எந்திரிச்சதோட சரி. உங்க அப்பா மூச்சப் பிடிச்சுத்தான முங்குனாரு. நீங்க கம்ப்ரசர்லா?"

"ஆமா. படகுல கம்ப்ரசர் ஓடும். அதுலேருந்து காத்து வார ஓஸ் வாயில இருக்கும். ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழத்துல நடந்தே சங்கு பொறுக்கலாம்."

"மேல எப்படி வாரீரு?"

"சங்குப் பை நெறஞ்சதும் ஓஸ்ல கடைசியா ஒரு இழுப்பு. நெஞ்சு முட்ட. ஓஸ விட்டுருவோம், மேல உள்ளவன் இழுத்துக்கிருவான். ஓஸோட ஏறுனா சிக்கும், நேரமாகும்."

"அப்போ மூச்சு?"

"பிடிச்சிருப்போம்." இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல் இனிகோ பார்த்தான்.

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மேசை மேலிருந்த பிளாஸ்டிக் நுரையீரலை எடுத்து அவன் முன்னால் வைத்தார். வலது பக்கம் மூன்று மடல். இடது பக்கம் இரண்டு, இதயத்துக்கு இடம் விட்டது போக. ஒரு பெரிய குழாய் இரண்டாகி, அவை பிரிந்து, மேலும் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத காற்றுப்பைகளில் போய் முடிந்தன.

"இந்தப் பை ஒவ்வொண்ணும் உள்ளித் தோல விட மெல்லிசு. கோடிக்கணக்குல இருக்கு. உங்க அப்பா கரையில உள்ள காத்த உள்ள எடுத்தாரு. கீழ போனா தண்ணி அத அமுக்கும். மேல வந்தா பழைய அளவு. அவரு பிடிச்சது சரி. நீரு காத்த எங்க எடுக்கீரு?"

"கீழ."

"ஆறு பாகத்துல. அங்க உம்ம நெஞ்சு நெறைஞ்சா, மேல வந்தா அது ரெண்டு நெஞ்சுக் காத்து. வாய மூடிட்டீரு. அது எங்க போவும்?"

இனிகோ பிளாஸ்டிக் நுரையீரலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூண்டிலில் ஆழத்திலிருந்து ஏறும் களவா மீன் நினைவுக்கு வந்தது. படகில் விழும்போதே அதன் வயிறு உப்பியிருக்கும். குடல் வாய்வழியே பிதுங்கி நிற்கும். அவன் எத்தனையோ பிடித்திருக்கிறான். காற்றுதான் என்று அவனுக்குத் தெரியும். படகில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும்.

"களவா" என்றான்.

"என்னது?"

"ஒண்ணுமில்ல டாக்டர். வெளங்குது."

டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். வலது நுரையீரலின் உச்சியில் ஒரு கொப்புளத்தைக் காட்டினார். சுவர் மெலிந்து ஊதியிருந்தது.

"இனி முங்கக் கூடாது. மூச்ச விட்டுக்கிட்டு வந்தாலும் கூடாது. இது இன்னொரு தடவ வெடிச்சா, கரைக்கு வார வரைக்கும் தாங்காது."

இனிகோ தலையசைத்தான். இந்தச் சொல்லுக்குத்தான் மூன்று மாதமாகப் பயந்திருந்தான். வந்தபோது அதன்மேல் மனம் நிற்கவில்லை. அவன் அனுஜாவைப் பார்த்தான். அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.

"டாக்டர், மேல வந்த பெறவு தோள்பட்டையில வலிச்சா?"

"யாருக்கு?"

"என் தம்பிக்கு. நேத்து சொன்னான். இவுக தைலம் தேய்க்கச் சொன்னாக."

"அவனுக்கு மூச்சு பத்தி என்ன சொல்லிக் குடுத்தீரு?" என்று டாக்டர் இனிகோவிடம் கேட்டார்.

"எங்க அப்பா எனக்குச் சொன்னதத்தான்" என்றான் இனிகோ.

"இன்னைக்கே கூட்டிட்டு வாரும். படம் எடுக்காம அவன் தண்ணியில எறங்கக் கூடாது."

ஜெஸ்டினின் போன் எல்லைக்கு வெளியே இருந்தது. அவன் கடலில் இருந்தான். இனிகோ ஆட்டோவில் திரேஸ்புரம் போய்ப் படகுத்துறையில் நின்றான். அனுஜா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவன் வருகிற ஒவ்வொரு படகிலும் தலைகளைப் பார்த்தான்.

இன்பமணியின் படகு வந்தது. ஜெஸ்டின் படகின் முன்பக்கம், அணியத்தில் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தான்.

அனுஜா ஓடிப்போய் அவன் முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"ஏளா, எதுக்கு அடிக்கே?"

"வலிக்கால உனக்கு?"

"இப்ப வலிக்கு."

இனிகோ சொன்னான். காற்றைப் பற்றி, இரண்டு நெஞ்சைப் பற்றி, மூடிய வாயைப் பற்றி. ஜெஸ்டின் பன்னை மென்றபடியே கேட்டான். அவன் போன வருடம் வரைக்கும் விசைப்படகில் வலை இழுத்தவன்.

"அத்தான், நீருதான வாயத் தொறந்தா செத்தேன்னு சொன்னீரு. இப்பம் மூடுனா செத்தேங்கீரு. ரெண்டுல ஒண்ணு சொல்லும்."

இன்பமணி சிரித்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா ஆளு மாறிருவான்னு சொல்லுவாக. சரிதான் போல."

"மாப்ள, களவாவ மேல இழுக்கும்போது பாத்திருக்கியா?"

ஜெஸ்டின் மெல்வதை நிறுத்தினான்.

"பாத்திருக்கேன்."

"அது வாயத் தொறந்தாலும் காத்த விடத் தெரியாது. நான் மனுசன், எனக்குத் தெரியும். ஆனா விடல. பீடியால இல்லல, என் நெஞ்சு வெடிச்சது இதுலதான். நான்தான் உனக்கும் அதயே சொன்னேன்."

இன்பமணி டீசல் கேனை ஒரு பக்கம் நகர்த்தி வைத்தார்.

ஜெஸ்டினின் படம் சுத்தமாக இருந்தது. தசைவலிதான் என்றார் டாக்டர். ஓஸை விடாமல், அதிலேயே மூச்சு விட்டுக்கொண்டு, நிதானமாக ஏறச் சொன்னார். ஓஸ் நழுவினால் வழி முழுக்க ஊதிக்கொண்டே வரச் சொன்னார். ஜெஸ்டின் எல்லாவற்றுக்கும் சரி என்றான். கம்ப்ரசரே வேண்டாம் என்று டாக்டர் சொன்னதற்கு மட்டும் தரையைப் பார்த்தான்.

அடுத்த முறை படகு போனபோது இனிகோவும் போனான். கம்ப்ரசரையும் ஓஸையும் பார்த்துக்கொள்கிற வேலையை இன்பமணியிடம் கேட்டு வாங்கியிருந்தான். ஜெஸ்டின் இறங்கினான். ஓஸ் இனிகோவின் உள்ளங்கை வழியே நழுவிக் கீழே போனது. கீழே அவன் நடப்பது கைக்குத் தெரிந்தது. இழுப்பு, நிறுத்தம், மறுபடி இழுப்பு.

பிறகு ஓஸ் தொய்ந்தது. ஜெஸ்டின் பழக்கத்தில் அதை விட்டுவிட்டான்.

இனிகோ விளிம்பில் குனிந்து தண்ணீரைப் பார்த்தான். தெளிந்த பச்சை. ஒரு குமிழிகூட வரவில்லை. ஒரே பாய்ச்சலாக ஜெஸ்டினின் தலை வந்தது. கன்னம் உப்பியிருந்தது.

இனிகோ அவனைத் தோளைப் பிடித்துப் படகுக்குள் இழுத்துப் போட்டான்.

"மறந்துட்டேன் அத்தான்."

"வலிக்கா?"

"இல்ல."

"மூச்சு?"

"வருது. மறந்துதாம் போனேன்."

அவனை நீட்டிப் படுக்க வைத்தான். அவன் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டான். இரண்டு பக்கமும் காற்று போய்வந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தான். இன்பமணி பொறுமையிழந்து இருமினார்.

"இன்னைக்கு இவ்வளவுதான்" என்றான் இனிகோ.

"ஏலே, டீசல் போட்டு வந்திருக்கேன்" என்றார் இன்பமணி.

"நீரு வேணும்னா எறங்கும்."

இன்பமணி வெற்றிலையை மடித்தார். படகு திரும்பியது.

மறுநாள் கிளம்புவதற்கு முன், இனிகோ படகுத்துறையின் ஓரத்தில், நெஞ்சளவு தண்ணீரில் ஜெஸ்டினை நிறுத்தி, முங்கச் சொல்லி, ஊதிக்கொண்டே எழச் சொன்னான். வலை உலர்த்திய பெண்கள் கைகொட்டினார்கள். ஜெஸ்டின் அவர்களைத் திட்டினான், முங்கினான், எழுந்தான். இனிகோ மறுபடியும் முங்கச் சொன்னான். கரையில் நின்று இனிகோவும் ஊதிப் பார்த்தான். அவன் உதடுகள் நெருங்கின. அவற்றை அவனால் தடுக்க முடியவில்லை. ஜெஸ்டினுக்கு அந்தப் பழக்கம் ஒரே பருவத்தது, இன்னும் மாற்றலாம். அதை நம்பித்தான் இனிகோ படகேறினான்.

கடலில் ஓஸ் மறுபடி கீழே போனது. நின்றது, நடந்தது, வெகுநேரம் நடந்தது. பிறகு மேல்நோக்கித் தளர்ந்தது. இனிகோ அவசரப்படாமல் அதைச் சுருட்டினான். மறுமுனையில் கனம் இருந்தது.

பாதியில் கனம் போனது; ஓஸ் நழுவியிருந்தது.

அவன் குனிந்தான். பச்சைக்கு அடியில் வெள்ளையாக ஒரு கொத்துக் குமிழி கிளம்பியது. நின்றுவிட்டது. இனிகோ படகின் விளிம்பை இறுகப் பிடித்தான். மறுபடி வந்தது, இந்த முறை பெரிதாக, கிழிந்து கிழிந்து, விடாமல். அதன் நடுவில் தலை வந்தது. வாய் திறந்திருந்தது.

ஜெஸ்டின் இருமினான். துப்பினான். கண் சிவந்திருந்தது.

"உப்புத்தண்ணிய குடிச்சிட்டேன் அத்தான்."

"குடி" என்றான் இனிகோ. சங்குப் பையை வாங்கக் கையை நீட்டினான்.