வேண்டாவின் கிட்னி

வீங்கிய விரலில் மோதிரம் அசையவே இல்லை. வேண்டா ஆஸ்பத்திரிச் சோப்பைக் குழைத்துத் தடவி, திருகித் திருகி இழுத்துக்கொண்டிருந்தாள். ஜானகிராமன் செத்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. உடம்பில் ஏறியிருந்த நீர் ஒரு சொட்டுகூட வடியவில்லை. முகமும் கையும் வேறு யாருடையதோ போல உப்பிக் கிடந்தன.

"சீக்கிரம் ஆவட்டும்மா. வண்டி கீழ நின்னுகினு கீது," என்றார் உலகநாதன். செத்தவனின் அண்ணன். கருங்குழியில் ரைஸ்மில் வைத்திருப்பவர். தான் பேசினால் நாலு பேர் கேட்டுக்கொள்வார்கள் என்று வெகுகாலமாகப் பழகிப்போனவர். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலும் அதே குரலில்தான் பேசினார். 

வராந்தாவில் நாத்தனார் ஞானம்பாள் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுகைக்கு நடுவே வார்த்தை தெளிவாக வந்தது.

"பொம்பள கிட்னிய ஆம்பள ஒடம்பு தாங்குமா? அவ கிட்னில இன்னா கோளாறு இருந்துச்சோ, எந்தம்பிய வாரிக்கினு பூட்டுச்சே."

வேண்டாவின் கை நின்றது. பிறகு ஒரே இழுப்பில் மோதிரத்தைக் கழற்றினாள். தோலும் கொஞ்சம் கூடவே வந்தது. அவனுக்கு இனி வலிக்காது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

இரண்டரை வருஷத்துக்கு முன்னால், தொண்ணூற்றொன்பதில், மூன்று பேருடைய ரத்தம் ஜானகிராமனுக்குப் பொருந்தியது. உலகநாதன், ஞானம்பாள், வேண்டா. மூட்டை தூக்க ஆறு ஆள் வைத்திருக்கும் உலகநாதன், கிட்னியைக் கொடுத்தால் மூட்டை தூக்க முடியாமல் போய்விடும் என்றார். ஞானம்பாளின் புருஷன் அன்று ராத்திரியே அவளை அச்சரப்பாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். வேண்டாவை யாரும் கேட்கக்கூட இல்லை. அவள் தருவாள் என்று ஏற்கெனவே எல்லோரும் பேசி முடித்திருந்தார்கள். நாலாவதாகவும் பெண் பிறந்ததே என்று வேண்டா எனப் பெயர் வைக்கப்பட்டவளிடம்தான் கடைசியில் வேண்டியது இருந்தது. அவளும் மனதாரத்தான் கொடுத்தாள். அதில் பொய்யில்லை.

மெட்ராஸில் ஆபரேஷன் முடிந்து வந்த பிறகு, அவனுடைய அடிவயிற்றில் வலது பக்கம் கையளவு மேடு இருந்தது. தூங்கும்போது அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். சூடாக இருக்கும். காலையில் எழுந்து ஸ்கூல் வேன் ஓட்டப் போவான். வேளாவேளைக்கு மாத்திரை. அது முகத்தை ஊத வைத்தது, கன்னத்தில் மயிரை முளைக்க வைத்தது, ஈறைத் தடிக்க வைத்தது. ஆனாலும் ஆள் உயிரோடு இருந்தான். பெண் ஜெயப்பிரியாவைப் பத்தாவது பாஸ் பண்ண வைத்து, ஊரெல்லாம் மிட்டாய் கொடுத்தான்.

போன சித்திரைக்குப் பிறகு முகம் வடிந்தது. அழகாகிவிட்டான் என்று சந்தோஷப்பட்ட மடச்சி அவள்தான்.

"அம்மா, கொஞ்சம் பேசலாமா?"

வெள்ளைக் கோட்டுப் போட்ட டாக்டர் ஒருத்தி வந்து நின்றாள். முப்பத்தைந்து வயது இருக்கும். அனு என்று சட்டைப்பையில் எழுதியிருந்தது. வைத்தியம் பார்த்தவள் இல்லை. மாற்றி வைத்த கிட்னிகள் ஏன் கெட்டுப்போகின்றன என்று ஆராய்ச்சி பண்ணுகிறவள். 

"உயிரோட இருக்கும்போதே ஊசி போட்டு கிட்னில துளி சதை எடுத்துப் பார்த்திருக்கணும். பிரஷர் எக்கச்சக்கமா இருந்துச்சு, ரத்தம் நிக்காதுன்னு விட்டுட்டோம். இப்ப எடுக்க அனுமதி குடுத்தீங்கன்னா, அது ஏன் வேலை செய்யலன்னு தெரியும். இன்னும் பல பேருக்கு உபயோகப்படும். கட்டாயம் இல்ல."

"இன்னாத்துக்கு?" என்று உலகநாதன் நடுவில் வந்தார். "செத்தவன அறுத்து இன்னா கண்டுபுடிக்கப் போறீங்கோ? அதெல்லாம் ஒண்ணும் வாணாம். கத்தி பட்ட ஒடம்ப நாங்க வூட்டுக்குள்ள ஏத்த மாட்டோம்."

"கத்தி இல்லீங்க. ஊசி."

"ஊசியும் இரும்புதான்."

வேண்டா டாக்டரைப் பார்த்தாள். "எங்கிட்டதான் கேக்கறீங்க?"

"நீங்க மனைவி. கையெழுத்து நீங்கதான் போடணும்."

"அதப் பாத்தா, எங்கிட்டேருந்து எடுக்கும்போதே கிட்னில கோளாறு இருந்துச்சா இல்லியான்னு தெரியுமா?"

"தெரியும். ஆனா எதுவா இருந்தாலும் அப்படியேதான் சொல்வேன். கோளாறு இருந்தா, இருந்துச்சுன்னுதான் எழுதுவேன். யோசிச்சுக்கோங்க."

யோசித்தாள். வராந்தாவில் ஞானம்பாள் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்திருந்தாள். பதினாறு நாளைக்கு வந்துபோகிற அத்தனை பேரிடமும் அதையே சொல்வாள். ஜெயப்பிரியாவைப் பெண் பார்க்க வருகிறவனிடமும் சொல்வார்கள்: அவ அம்மா கெட்ட கிட்னியக் குடுத்துப் புருஷன சாவடிச்சவ. எரித்துவிட்டால் அப்புறம் எதைக் காட்டி இல்லை என்பது?

"அஞ்சு மாசம் மாத்திரையே இல்லாம நல்லாத்தான இருந்தான்," என்றார் உலகநாதன் டாக்டரிடம். "நம்ம நாட்டு வைத்தியர் குடுத்த சூரணத்துலயே கிட்னி ஒட்டிக்கிச்சு. ரெண்டு வருசம் ஒட்டினது இனிமே எங்க பூடப் போவுது? திடீர்னு இப்டி ஆனா, கிட்னிதான் சரியில்லன்னு அர்த்தம்."

தான் சொன்னது என்ன என்று அவருக்கே தெரியவில்லை. டாக்டருக்குத் தெரிந்தது. வேண்டாவுக்கும்.

"எத்தினி மாசம்?" என்றாள் வேண்டா.

"இன்னா எத்தினி மாசம்?"

"மாத்திரை இல்லாம எத்தினி மாசம் மாமா?"

உலகநாதன் குரலைக் கொஞ்சம் இறக்கினார். "சித்திரைலேருந்து. அவனே கேட்டுக்கினுதான் வந்தான். மூஞ்சி ஊதிக்கினு, மில்லுல பசங்க பொண்டாட்டி தயவுல மூச்சு உடறவன்னு கிண்டல் பண்ணிக்கினு... ஆம்பளைக்கு எப்டி இருக்கும்? ஒங்கிட்ட சொல்ல வாணாம்னான். மாத்திரையப் பிச்சு சாக்கடையில போட்டுட்டு, காலி அட்டைய ஒங்கிட்ட காட்டுவான்."

அட்டையை அவள் தினமும் வாங்கிப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு குழியையும் விரலால் அமுக்கிப் பார்த்து, சரி என்று தலையாட்டியிருக்கிறாள். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்தாள். அடிக்கலாம் போல இருந்தது. செத்தவன் என்று பார்க்காமல், அந்த வீங்கின கன்னத்திலேயே ஓங்கி ஒன்று வைத்து, என் சதையைத்தானேடா சாக்கடையில் போட்டாய் என்று கேட்கலாம் போல இருந்தது.

"அந்த மாத்திரை எதுக்கு டாக்டர்?" என்றாள். "ஒட்றதுக்கா?"

"இல்லம்மா. கிட்னி என்னிக்கும் ஒட்டிக்காது. எத்தனை வருஷம் ஆனாலும் உடம்புக்கு அது வெளியாள்தான். எதிர்த்துக்கிட்டே இருக்கும். அந்த எதிர்ப்பை அடக்கி வைக்கத்தான் மாத்திரை. நிறுத்தினா, மறுபடி ஆரம்பிச்சிடும்."

"பேப்பர் குடுங்க."

"வேண்டா," என்றார் உலகநாதன். "கையெழுத்துப் போட்ட, வூட்டு வாசப்படி ஏத்த மாட்டேன். தெருவுலதான் கெடப்பான். ஒம்புருசன் தெருவுல கெடக்கறத ஊரு பாக்கும்."

"பாக்கட்டும்."

"என் தம்பி ஒடம்பு அது."

"கிட்னி என்துது மாமா," என்றாள் வேண்டா. கையெழுத்துப் போட்டாள். அழுத்தியதில் காகிதம் கிழிந்தது. டாக்டர் வாங்கிக்கொண்டாள்.

ஊசி வேலை கால் மணி நேரத்தில் முடிந்தது. வேண்டா வெளியே போக மாட்டேன் என்று அங்கேயே நின்றாள். மருந்து நிறைந்த சின்னக் குப்பிக்குள் சேமியாத் துண்டு போல மூன்று இழைகள் மிதந்தன.

"இவ்ளோதானா?"

"இது போதும்மா."

உலகநாதன் சொன்னதைச் செய்கிறவர். கருங்குழியில் அண்ணன் தம்பி சேர்ந்திருந்த வீட்டு வாசலுக்கு வெளியே, தெருவில் ஷாமியானா போட்டு, பெஞ்சின்மேல் ஜானகிராமனைக் கிடத்தினார்கள். மத்தியான வெயில் கால்மாட்டில் விழுந்தது. ஐஸ் உருகி ஓடியது. வந்தவர்கள் எல்லோரும் முதலில் பிணத்தைப் பார்த்தார்கள், அடுத்து சாத்தியிருந்த வீட்டுக் கதவைப் பார்த்தார்கள், அப்புறம் வேண்டாவைப் பார்த்தார்கள். உலகநாதன் ஒவ்வொருவரிடமும் நின்று நிதானமாகச் சொன்னார்.

"எவ்ளோ சொன்னேன். கேக்கல. அறுக்கக் குடுத்துட்டா."

வேண்டா பெஞ்சை விட்டு நகரவில்லை. அழவும் இல்லை. அதையும் சேர்த்துப் பேசினார்கள். வேட்டிக்கு அடியில் அந்த மேடு தெரிந்தது. தொட்டுப் பார்த்தாள். ஐஸ் மாதிரி இருந்தது. தூக்கும்போது அதுவும் சேர்ந்துதான் போனது.

பதினைந்தாம் நாள், விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டியவள், ஜெயப்பிரியாவைக் கூட்டிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினாள். தாலி அறுத்தவள் கருமாதி முடியாமலே படி தாண்டுகிறாள் என்று ஞானம்பாள் தெருமுனை வரை கத்திக்கொண்டே வந்தாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவள் வேண்டாவின் வெறும் நெற்றியைப் பார்த்துவிட்டு வேறு சீட்டுக்கு எழுந்து போனாள். நல்லதாகப் போயிற்று, ஜெயப்பிரியா தாராளமாக உட்கார்ந்தாள்.

டாக்டர் அனு மைக்ராஸ்கோப்பின் குழலை அவள் கண்ணுக்குச் சரிசெய்து கொடுத்தாள். உள்ளே ரோஜா நிறத்தில் வட்ட வட்டமாகக் கோலம் போல எதுவோ இருந்தது. அதன்மேல் கடுகைக் கொட்டிவிட்டாற்போல ஊதாப் புள்ளிகள்.

"ரோஸ் நிறம் உங்க கிட்னி. அந்த ஊதா எல்லாம் அவரோட ரத்தத்துல இருந்து வந்தது. அதுதான் உள்ள புகுந்து அழிச்சிருக்கு."

"எனக்குக் கோளாறு?"

"ஒண்ணும் இல்ல. அருமையான கிட்னி. இன்னும் பத்துப் பதினஞ்சு வருஷம்கூட ஓடியிருக்கும்."

வேண்டா குழலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவளுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. பத்து வருஷம். அதற்குள் ஜெயப்பிரியாவுக்குக் கல்யாணமே ஆகிக் குழந்தை பிறந்திருக்கும்.

ரிப்போர்ட் இங்கிலீஷில் இருந்தது. "இத யாரு படிப்பாங்க? தமிழ்ல எழுதிக் குடுங்க," என்றாள். டாக்டர் லெட்டர் தாளை எடுத்தாள்.

"மாத்திரை நிறுத்தினதையும் எழுதுங்க."

"அதை நான் இதுல பார்த்ததா எழுத முடியாதும்மா. இப்படி அழிஞ்சிருக்குன்னுதான் எழுதலாம்."

"அவரு வாயால சொன்னாரு. நீங்களும்தான் நின்னுகினு கேட்டீங்க. அப்டியே எழுதுங்க."

டாக்டர் மறுபடி பேனாவைத் திறந்தாள். பிறகு எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்தாள்.

மறுநாள் கருமாதிப் பந்தி. ஐம்பது அறுபது பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். வேண்டா வெள்ளைப் புடவையோடு உள்ளே மூலையில் இருக்க வேண்டியவள். எழுந்து வந்து பந்திக்கு நடுவில் நின்று, மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்த உலகநாதனிடம் தாளை நீட்டினாள். அவர் வாங்கினார், பிரிக்காமலே சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் அப்பறம் பாத்துக்கலாம். உள்ள போ."

வேண்டா அவருடைய பையில் கையை விட்டுத் தாளை எடுத்தாள். ஊரில் ஒருத்தியும் மூத்தாரின் சட்டையைத் தொட்டதில்லை. உலகநாதன் ஓரடி பின்னால் போனார். சாம்பார் வாளியோடு வந்த முனிசாமி அப்படியே நின்றான்.

ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிக்க வந்தது. ஜெயப்பிரியா வாங்கிப் படிக்கக் கை நீட்டினாள், வேண்டா கொடுக்கவில்லை.

"வேண்டா என்பவர் தன் கணவருக்குக் கொடுத்த சிறுநீரகம்... பரிசோதிக்கப்பட்டது. அதில் முன்பே எந்த நோயும் இருந்ததாகத் தெரியவில்லை. ஜானகிராமனின் உடல் அதை... எதிர்த்து அழித்திருக்கிறது. ஐந்து மாதமாக மாத்திரை நிறுத்தப்பட்டிருந்ததாக, நோயாளியின் அண்ணன்... உலகநாதன்... நேரில் தெரிவித்தார்."

இலைகளில் வைத்த கைகள் வைத்தபடி இருந்தன. ஞானம்பாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள். யாரோ ஒருவர் இருமினார். உலகநாதன் சாப்பிடுகிறவர்களைப் பார்த்தார், பிறகு பந்தலைப் பார்த்தார்.

கடைசி வரிசையில் இருந்தவர்களுக்குச் சரியாகக் கேட்டிருக்காது என்று வேண்டாவுக்குத் தோன்றியது. நாலடி அந்தப் பக்கம் தள்ளிப் போய் நின்றுகொண்டு, முதல் வரியிலிருந்து மறுபடியும் படிக்க ஆரம்பித்தாள்.