பெண்கள் ஆடிய பிறகுதான் பெயர்ப்பலகை

சவரி இறந்து ஒரு வருடம் கழித்து, மாரண்டஹள்ளி வாலிபால் மைதானத்துக்கு அவர் பெயரை வைத்து, இரண்டு நாள் போட்டியும் நடத்துவதென்று முடிவானது. விழாக் குழுத் தலைவர் ராஜாமணி அழைப்பிதழோடு தக்காளி மண்டிக்கு வந்தார். சவரியின் மனைவி இசபெல்லாதான் இப்போது மண்டியை நடத்துகிறாள். லாரிக்கு லோடு ஏறிக்கொண்டிருக்க, நின்றபடியே படித்தாள்.

"பதினாறு டீமும் ஆம்பளைங்க டீமா இருக்கே. பொண்ணுங்க ஆட்டம் எங்கங்க?"

"ரெண்டு நாள்தானுங்க அண்ணி, நேரம் பத்தல. அடுத்த வருசம் வெச்சுக்கலாம்."

"அப்ப பேரையும் அடுத்த வருசமே வெச்சுக்கங்க."

ராஜாமணி சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

சவரி மாநில அணிக்கு ஆடியவர். முழங்கால் போனதும் ஊர் திரும்பி மண்டி வைத்தார். மண்டியைப் பெரிதாக்க வாங்கிய நிலத்தில், குடோன் கட்டாமல் கம்பம் நட்டு வலை கட்டினார். பெண்களையும் ஆட வரச்சொன்னபோது, "பொழுது போனா புள்ளைங்க எப்படிங்க வூடு வந்து சேரும்?" என்று அப்பாக்கள் கேட்டார்கள். மறுநாளே காய்கறி வண்டியைக் கழுவிப் பாய் விரித்தார். அவர் ஓட்ட, இசபெல்லா பின்னால் உட்கார்ந்து ஒவ்வொருத்தியையும் வாசலில் இறக்கிவிட்டு வருவாள். இருபது வருடம் அப்படித்தான் நடந்தது.

"பத்து நாள்ல பொண்ணுங்க டீமுக்கு நான் எங்க போவேன் அண்ணி?"

"அது என் வேலைங்க."

அன்றே சவரியிடம் பயின்ற பிரியதர்ஷினிக்குப் போன் செய்தாள். பிரியதர்ஷினி இப்போது தருமபுரியில் போலீஸ் எஸ்.ஐ.யாக இருக்கிறாள். அவள் பாலக்கோட்டில் பி.டி. டீச்சராக இருக்கும் ஆக்சிலியாவைப் பிடித்தாள். ஒரே வாரத்தில் ஏழு அணிகள் சேர்ந்தன. எட்டாவதாகச் சவரியின் பழைய மாணவிகளே ஓர் அணி. அதற்கு ஒரு ஆள் குறைந்தது. கல்யாணமானபின் ஆட்டத்தை விட்டிருந்த பழைய மாணவி சுசித்ராவின் வீட்டுக்கு இசபெல்லா நேராகப் போனாள்.

"பந்தத் தொட்டு ஒம்போது வருசம் ஆச்சும்மா," என்றாள் சுசித்ரா. "ஷூ கூட இல்ல."

"வெறுங்கால்ல ஆடு."

சுசித்ரா உள்ளே திரும்பிப் பார்த்தாள். மாமனார் மாது வெளியே வந்தார்.

"இவ ஆடுவாளாங்க?" என்று இசபெல்லாவிடம் கேட்டார். "எங்கிட்ட யாரும் சொல்லவே இல்லையே!"

ஞாயிறு மாலை பெண்கள் இறுதி ஆட்டம். எதிரே ஓசூர் கல்லூரி அணி. எல்லோரும் இருபது வயதுக்காரிகள். முதல் செட்டை அவர்களே எடுத்தார்கள். "அக்காமாருங்களுக்கு மூச்சு வாங்குது" என்று கூட்டத்தில் யாரோ ஒருவன் கத்தினான். இரண்டாவது செட்டில் ஆக்சிலியா பந்தைத் தூக்கித் தூக்கிக் கொடுக்க, பிரியதர்ஷினி அடித்த அடியில் செட்டும் கைக்கு வந்தது, அந்தக் குரலும் அடங்கிப்போனது.

கடைசி செட் பதிமூன்றுக்குப் பதிமூன்று; இன்னும் இரண்டு புள்ளி எடுத்தால் வெற்றி. சர்வீஸ் சுசித்ராவின் கையில். இசபெல்லா கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலையைப் பிடித்தாள். முதல் பந்து வலையை உரசி அந்தப்பக்கம் விழுந்தது. கூட்டம் எழுந்து நின்றது. இரண்டாவது பந்து இரண்டு பேருக்கு நடுவில் போனது. நீ எடுப்பாய் என்று இவளும், நீ எடுப்பாய் என்று அவளும் நின்றுவிட்டார்கள்.

பந்து தரையில் விழுந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. அதற்குள் ஊரே கத்தியது. மாது வேலிக் கம்பியைத் தாண்டி உள்ளே ஓடினார். "எங்கூட்டு மருமவ! எங்கூட்டு மருமவ!"

ராஜாமணி மேடையில் சால்வையோடு நின்றார். இசபெல்லா ஆடியவர்களை எல்லாம் மேடைக்கு ஏற்றினாள். வேர்வையும் புழுதியுமாக அவர்கள் பெயர்ப்பலகையைச் சுற்றி நின்றார்கள்.

"திறங்க அண்ணி," என்றார் ராஜாமணி.

"எல்லாரும் சேந்து இழுங்கடி," என்றாள் இசபெல்லா.

ஏழெட்டுக் கைகள் ஒன்றாக இழுத்ததில் திரை கிழிந்தே வந்தது. சவரியின் பெயரைப் பார்த்ததும் இசபெல்லாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. கைதட்டல் ஓயவே இல்லை. ராஜாமணி மைக்கை வாங்கினார்.

"அடுத்த வருசம் பொண்ணுங்க ஆட்டந்தாங்க முதல்ல!"