பிதுக்குப் பருப்பு

பெண்கள் பெட்டியின் வாசலில் நின்று பவ்யா குனிந்து கை நீட்டினாள். கீழே பிளாட்பாரத்திலிருந்து ரூபேஷ் பெரிய தூக்குச்சட்டியை ஏற்றிக் கொடுத்தான். அவன் தோளில் மகள் அக்ஷயா தூங்கிக்கொண்டிருந்தாள். தினமும் பவ்யா தனியாகத்தான் ஸ்டேஷனுக்கு வருவாள். இன்று தூக்கு கனமாக இருந்ததால் அவனும் வந்தான். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். ஏன் என்று சொல்ல முடியவில்லை.

பெங்களூருக்கு வேலைக்குப் போகும் இந்தப் பெட்டியில் எல்லார் டப்பாவும் எல்லாருக்கும் பொது. பவ்யாவின் டப்பாதான் முதலில் காலியாகும். இன்றோடு சௌந்தரம் அக்கா ரிட்டையர் ஆகிறாள். "கடைசி நாளைக்கு உன் கையால பிதுக்குப் பருப்பு சாப்புடணும்" என்று கேட்டிருந்தாள். அதற்காக ரூபேஷ் ராபர்ட்சன்பேட்டைக்குப் போய் அவரைக்காய் வாங்கி வந்தான். உரித்து, கொட்டையை ஊற வைத்து, நேற்று மாலை முழுவதும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தோலிலிருந்து பிதுக்கினான். அக்ஷயா பிதுக்கியதெல்லாம் சுவரில் போய் ஒட்டியது. பவ்யா வேலையிலிருந்து வந்ததும் விரலை அவள் மூக்கருகே நீட்டினான்.

"மோந்து பாரு. சோப்பு போட்டாலும் போமாட்டேங்குது."

அவள் அந்த விரலைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்ஷயா பிறந்தபோது இருவரும் பேசித்தான் முடிவு செய்தார்கள். லேபில் அவளுக்குச் சம்பளம் அதிகம். பிள்ளையிடம் அவனுக்குப் பொறுமை அதிகம். வீட்டுக்குள் அது சரியாகவே இருந்தது. ஆனால் தங்க மைன்ஸ் மூடி, ஆண்களுக்கு வேலை போன ஊர் இது. ஓர் ஆண் வீட்டில் இருக்கிறார் என்றால் கேட்பவர் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். தன் அப்பாவை எல்லோரும் அப்படிப் பார்த்ததை ரூபேஷ் சிறுவயதில் பார்த்திருக்கிறான். அதனால்தான், வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று பெட்டியில் முதல் நாள் கேட்டபோது பவ்யா நைட் ஷிஃப்ட் என்று சொல்லிவிட்டாள். அவனிடம் அதைச் சொல்லவே இல்லை.

சௌந்தரம் அக்கா அவள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா தம்பி, நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு நேரா இங்க வந்துட்டியா? தூக்கம் வரலையா?"

ரூபேஷ் பவ்யாவைப் பார்த்தான்.

"பழகிடுச்சிக்கா," என்றான். குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான். வண்டி நகர்ந்தது.

அக்கா தன் இடத்தில் வந்து உட்கார்ந்தாள். "ஏம்மா, உன் வீட்டுக்காரு நகம் பூரா கறுப்பா கீது. கம்பெனில அவரக்கா உரிக்க வுடறாங்களா?"

பெட்டி சிரித்தது. தலை வாரிக்கொண்டிருந்த வின்னி, "சும்மா இரு, அக்கா. பொண்டாட்டிக்கு ஒத்தாச பண்ணியிருப்பாரு," என்றாள்.

தலையாட்டினால் போதும். பவ்யா ஆட்டத்தான் நினைத்தாள். அவன் கோபித்துக்கொண்டிருந்தால் ஆட்டியிருப்பாள்.

"ஒத்தாச இல்லக்கா. அவருதான் செஞ்சாரு. தினமும் அவருதான். ஷிஃப்டு கிஃப்டு ஒண்ணும் இல்ல. வீட்ல கீறாரு. பாப்பாவப் பாத்துக்குறாரு."

சௌந்தரம் அக்கா அவளையே பார்த்தாள்.

"அப்போ அன்னைக்கி எனக்குப் பக்குவம் சொன்னியே?"

"வாய்க்கு வந்தத சொன்னேன்க்கா."

"அடிப்பாவி! ஊற வெக்காம வேக வெச்சி, எங்க வீட்ல நாய்கூட மோந்து பாக்கல!"

வின்னிதான் முதலில் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. "போனப் போடு. நானே கேட்டுக்கறேன்."

பவ்யா ஸ்பீக்கரில் போட்டாள்.

"இன்னா பவ்யா, எதனா மறந்துட்டியா?"

"அக்கா பேசணுமாம். நான் சொல்லிட்டேன். நீதான் செஞ்சேன்னு. எல்லாத்தையும்."

அந்தப் பக்கம் செருப்பு சரளையில் உரசும் சத்தம் வந்துகொண்டிருந்தது. அது நின்றது. அக்ஷயா விழித்துக்கொண்டாள் போல, தூக்கக் குரலில் ஏதோ கேட்டாள்.

"இரு கண்ணு, ஆன்ட்டிங்க பேசறாங்க," என்று அவன் சொல்வது கேட்டது.

வண்டி சத்தத்தில் அடுத்தது காதில் விழாமல் போய்விடக்கூடாதென்று வின்னி ஜன்னலைக் கீழே இறக்கினாள். பாதி பின்னிய சடையைக் கையில் பிடித்தபடி ஒருத்தி எழுந்து வந்தாள். பவ்யாவின் உள்ளங்கையில் இருந்த ஃபோனைச் சுற்றி எல்லாத் தலைகளும் குனிந்தன.