லாரிக் கட்டு

சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை சுமக்கிறவர்கள் வருஷத்துக்கொரு தடவை குடும்பத்தோடு பஸ் பிடித்து எங்காவது போவார்கள். இந்தத் தடவை பொன்முடி அடிவாரத்துக் கல்லாறு. வித்துராவைத் தாண்டும்போதே பெண்கள் கைதட்டிப் பாட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆற்றின் நடுவே அகலமான பாறை ஒன்று கிடந்தது. அதன் இடுக்கில் குட்டையாக ஒரு மரம். "அங்க நின்னு ஒரு போட்டோ எடுக்காட்டி வந்ததே வேஸ்ட்" என்றாள் ராஜபாய். அவள் புருஷன் சத்தியநேசன், பஸ் கூரையில் பாத்திரம் கட்டி வந்த கயிற்றை இறக்கினான். ஒரு முனையைக் கரை மரத்தில், அவனோடு மூட்டை சுமக்கிற ஐயப்பன் கட்டினான். மறுமுனையைச் சத்தியநேசன் பாறை மரத்தில் கட்டினான். தண்ணீர் அப்போது முழங்காலுக்குத்தான் இருந்தது. மனைவியையும் மகள் அஸ்வதியையும் பாறையில் ஏற்றிவிட்டு, சோற்றுப் பானை இறக்கக் கரைக்குத் திரும்பினான்.

"லேய் நேசா, பொண்டாட்டிய நடு ஆத்துல கட்டிப் போட்டுட்டியே! இனி வீட்டுல சமாதானந்தாம்லே" என்றான் ஐயப்பன்.

எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஆற்றின் நிறம் மாறியது. செம்மண் தண்ணீர். அதன்மேல் சருகு கூட்டங்கூட்டமாக வந்தது. தலைக்கு மேலே வெயில்தான். மழை மலை உச்சியில் பெய்திருக்கிறது. டிரைவர் லிஜோ கரையேறச் சொல்லி மலையாளத்தில் கத்தினான்: "மலவெள்ளமாணு! கேறி வா, எல்லாரும் கேறி வா!"

சத்தியநேசனுக்கு அப்போதுதான் கட்டு ஞாபகம் வந்தது. பாறையில் அவன் போட்டிருந்தது லாரிக் கட்டு. வண்டி என்ன குலுங்கினாலும் அது நிற்கும். ஆனால் தொங்குகிற கயிற்று வாலை ஒரு இழுப்பு இழுத்தால் போதும், மொத்தமும் அவிழ்ந்துவிடும். சரக்கு இறக்குகிறவனுக்கு முடிச்சோடு மல்லுக்கட்ட நேரமேது?

அந்த வாலைத்தான் அஸ்வதி இடுப்பில் சுற்றிக்கொண்டிருந்தாள். பாதுகாப்பாம். புத்திசாலிப் பிள்ளை.

"மக்ளே, அதத் தொடாதட்டீ!"

ஆற்று இரைச்சல் அவன் குரலைத் தின்றுவிட்டது. வேண்டாம் என்று கையை ஆட்டினான். வா என்கிறான் என்று நினைத்த ராஜபாய், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பாறை விளிம்புக்கு நகர்ந்தாள்.

அவன் குதித்தான். கயிற்றைப் பிடித்துப் பிடித்து முன்னேறினான். தண்ணீர் நெஞ்சைத் தள்ளியது. தன் பாரம் கட்டை இறுக்கும் என்று அவனுக்குத் தெரியும். பிள்ளை ஒரு எட்டு வைத்தால் அது திறந்துவிடும் என்பதும் தெரியும். அவள் காலை மட்டுமே பார்த்துக்கொண்டு போனான்.

பாறையில் கை பட்டதும், "அசையாத!" என்று அலறினான். வாலை அவள் இடுப்பிலிருந்து மெல்லப் பிரித்தான். வெள்ளமே அந்த வாலை இழுத்துவிடும் என்று, கட்டை அவிழ்த்து வேறு கட்டுப் போடப் பார்த்தான். கை பழைய கட்டையே போட்டது. அவிழ்த்தான். மறுபடியும் அதே கட்டு.

"என்ன செய்யுதீங்க? சட்டுனு கட்டுங்க!"

"கட்டத் தெரியலட்டி."

"காலம்பூரா கட்டுத ஆளுதானே!"

பாறைமேல் தண்ணீர் ஏறி அவர்கள் கணுக்காலை நனைத்தது. அவன் மரத்தில் கட்டுவதை விட்டுவிட்டு, கயிற்றைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை முஷ்டியில் இறுக்கி, மரத்தூரில் காலை உதைத்து உட்கார்ந்தான். "போங்க. கயித்த விடாதீங்க."

மூட்டையின் பாரம் அவன் அறிந்தது. இந்தப் பாரம் துடித்தது. நடுவழியில் அஸ்வதியின் கால் வழுக்கி, துணி மாதிரிக் கயிற்றில் தொங்கினாள். கயிறு அவன் சதையை அறுத்தது. கர்த்தாவே என்று கூப்பிட வாய் வரவில்லை. அந்தப் பக்கம் ஐயப்பனும் ஆட்களும் கைகோத்து இறங்கிப் பிள்ளையையும் தாயையும் அள்ளிக்கொண்டார்கள்.

இனி அவன். கயிற்றை நெஞ்சில் கட்டினான். கை போட்டது அதே கட்டுதான். மேலேயிருந்து ஒரு மரத்துண்டு உருண்டு வந்தது. பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை, குதித்துவிட்டான். வெள்ளம் அவனைப் புரட்டியது. தொடையில் கயிற்று வால் அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு கொப்பில் அது மாட்டினால் முடிந்தது கதை. கரையில் நின்றவர்கள் சாக்கை இழுப்பதுபோல இழுத்துப் போட்டார்கள்.

அவன் மணலில் கிடந்து இருமினான்.

"அப்பா, நான் அவுத்து விடுதேன்" என்று அஸ்வதி வாலைப் பிடித்து இழுத்தாள்.

ஒரே இழுப்பு. கயிறு முழுக்க அவிழ்ந்து மணலில் விழுந்தது.

ராஜபாய் கயிற்றைப் பார்த்தாள். பிறகு ஆற்றைப் பார்த்தாள்.

"இத நம்பியா எங்கள அங்க விட்டுட்டு வந்தீங்க?"

பாறை இருந்த இடத்தில் தண்ணீர்தான் சுழன்றுகொண்டிருந்தது.