பாடகியின் அம்மா செய்த பிரார்த்தனை

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரே சுவர், அதுவும் மெல்லிசு. நான் ஒட்டுக்கேட்கவில்லை. (சரி, நாற்காலியை அங்கே போட்டது நான்தான்.)

2

முதல் தொடக்கம்: ‘பிறக்கும்போதே அவள் குரலில் ஒரு…’

அடித்துவிட்டேன். எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் அழுதாள்.

இரண்டாவது: அந்த வீட்டில் யாரும் யாரையும் நேராகத் திட்டமாட்டார்கள். மாலையில் அப்பா, அம்மா, மகள் மூவரும் உட்கார்ந்து வாய்விட்டுப் பிரார்த்திப்பார்கள். மனத்தாங்கலெல்லாம் கடவுள் மூலமாகத்தான் போகும்.

“ஆண்டவா, ஈரத் துண்டக் கட்டில்மேல போடுற மனுஷனுக்கு நல்ல புத்தியக் குடு.”

அந்த மனுஷன் பக்கத்திலேயே கண்ணை மூடிக்கொண்டிருப்பார்.

மகள் பாட்டுப் பைத்தியமாகத் திரிந்த வயதில் அம்மா கேட்டது இது: “ஆண்டவா, இவ குரல எடுத்துக்கோ. அடக்கத்தக் குடு.”

3

வளர்ந்து பாடகியான மகள் அதையே ஒரு எழுத்துகூட மாற்றாமல் ஒரு பாட்டின் பல்லவியாக்கினாள். இப்போது பள்ளி வேனில்கூடப் பிள்ளைகள் அந்தப் பாட்டைக் கத்துகின்றன. தன்னம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று டிவி பேட்டியில் கேட்டார்கள். “எங்கம்மாகிட்டேருந்து,” என்று சிரித்தாள்.

(‘சிரித்தாள்’ சரியில்லை. பல் தெரிந்தது, அவ்வளவுதான்.)

4

நாளை இங்கே மைதானத்தில் கச்சேரி. இன்று வீட்டுக்கு வந்தாள். அப்பா வழக்கம்போல வெளியே நழுவிவிட்டார்.

“நாளைக்கு அந்தப் பாட்டப் பாடாதடி.” அம்மா முதல்முறையாகக் கடவுளை இழுக்காமல் பேசினாள்.

“ஜனம் அதுக்குத்தாம்மா வருது.”

“கண்ண மூடினா உன் மெட்டுதான் வருது. என்னால ஒரு பிரார்த்தனகூடப் பண்ண முடியல.”

“எனக்கு மட்டும்? மைக்கத் தொடறப்பல்லாம் நீ கேட்டது இன்னிக்குப் பலிச்சிடுமோன்னுதான் தோணுது. அந்தப் பாட்டுக்கப்புறம் வேற ஒண்ணும் எழுத வரல.”

மகளே தொடர்ந்தாள்.

“அந்த வேண்டுதல வாபஸ் வாங்கும்மா. நான் அந்தப் பாட்ட விட்டுடறேன்.”

“மனசுல இல்லாதத ஆண்டவன்கிட்ட சொல்லச் சொல்றியா?”

5

முடிவு அ: அம்மா அவளைக் கட்டியணைத்து… வேண்டாம். அந்த வீட்டில் அது நடக்காது.

முடிவு ஆ: மகள் கோபித்துக்கொண்டு கிளம்பினாள். அதுவும் இல்லை. கதவுச் சத்தம் கேட்கவில்லை.

நடந்தது இதுதான்: கடைசியில் அம்மா “ஆண்டவா” என்றாள். அப்புறம் என்ன கேட்டாள் என்பதும் என் காதில் விழுந்தது. எழுதமாட்டேன். அவள் இடத்தில் நீங்கள் உட்கார்ந்து, உண்மையிலேயே மனதில் இருப்பதைக் கேளுங்கள். வாய்விட்டுத்தான் கேட்க வேண்டும். மகள் எதிரிலேயே இருக்கிறாள்.